கருத்தரங்கும் சித்தி வீடும்

கேள்வி: தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு. பெரிய கோயிலும் பார்க்க வேண்டும், கும்பகோணத்தில் சித்தி வீட்டுக்கும் போக வேண்டும். முடியுமா?
- ஒரு பேராசிரியை, கோவை

பதில்: தாராளமாக. ஆனால் நிறைவு விழாவுக்கு முன் நழுவிவிடாதீர்கள்; சான்றிதழைப் பெரும்பாலும் அங்கேதான் கொடுப்பார்கள்.

பெரிய கோயிலுக்கு முதல் நாள் சாயங்காலம் போங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். வெறுங்காலில் பிராகாரக் கல் பொசுக்கிவிடும். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். கல்வெட்டுகளையும் பாருங்கள். கோயில் பணிக்குக் கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், ஊர், எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்பிள்ளைகளுக்கு ஒரு கும்பிடு!

இரண்டாம் நாள் கருத்தரங்கு முடிந்ததும் கும்பகோணம் பஸ். சித்தி வீட்டில் ராத்தங்குங்கள். காபி குடித்துவிட்டு ஓடிவந்தால் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவார். காலையில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்குமாக அந்தப் பக்கத்துக் கைப்பக்குவமே தனி. சாப்பிட்டதும் பக்கத்திலேயே தாராசுரம் கோயில். சித்தியையும் கூட்டிப் போங்கள்.

கருத்தரங்குக்கு மறுநாளான அந்த ஒரு நாளுக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுங்கள். கும்பகோணம் பஸ் டிக்கெட்டைப் பயணப்படி பில்லில் சேர்க்காதீர்கள்.