லயத்துக் கூரையும் பீலித் தண்ணீரும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் கேட்ட மலர்க்குழுவினர், இலக்கணத்திலோ இலக்கியத்திலோ ஒரு பகுதியையே இத்தமிழாசிரியனிடம் எதிர்பார்த்திருப்பர். கூரை கழுவுதல் தமிழாசிரியன் எழுதத்தக்க பொருளாமோ என்பார்க்கு விடை நம் மொழியிலேயே உண்டு. அழுக்கு நீக்கும் தொழிலுக்கு நாம் வழங்கும் சொற்களை நோக்குக. துலக்குதல் என்பது தேய்த்து ஒளிரச் செய்தல். அலசுதல் நீருள் அசைத்து நீக்குதல். அலம்புதல் நீரை மேலோட விட்டு நீக்குதல். ஊறவைத்தலோ இவற்றுக்கெல்லாம் முற்பட்ட செயல். பாத்திரத்தைத் துலக்குகிறோம்; துணியை அலசுகிறோம்; காலை அலம்புகிறோம். எப்பொருளை எவ்வாறு தூய்மை செய்வது என்னும் அறிவு இச்சொற்களிலேயே பொதிந்துள்ளது. மலைநாட்டிலே ஊறவைத்து அலம்பவேண்டிய கூரையைத் துலக்குகின்றவர் பலர். அதனால் வரும் கேடு யாது, அலம்புதற்குரிய கருவியைச் சிறு செலவில் அமைப்பது எங்ஙனம் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் லயங்கள் பலவற்றுக்கு இன்றும் நெளிதகரமே கூரை. நெளிதகட்டுக்கு 1829 இல் இலண்டனில் உரிமம் பெற்றவர் ஹென்றி பாமர் என்னும் பொறியியலாளர்; இரும்புக்கு நாகமுலாம் பூசும் முறைக்கு 1837 இல் பிரான்சில் உரிமம் பெற்றவர் சொறெல். அவ்விருவர் கண்டுபிடிப்பும் சேர்ந்தே நம் தோட்டங்களிற் கூரையாயின. இத்தகரத்துக்கு உயிர் அதன்மேலுள்ள மெல்லிய நாகப் படலமே. காற்றும் மழையும் மாறி மாறிப் படுமிடத்து அப்படலத்தின் மேல் நரைநிறமான காபனேற்றுப் போர்வை ஒன்று உண்டாகி அதனைக் காக்கின்றது. நரைத்த தகரத்தை அழுக்கேறிய தகரமென்று எண்ணிக் கம்பித் தூரிகையாலும் மணலாலும் பளபளக்கத் தேய்ப்பவர், காவலாளியை அடித்துத் துரத்துகின்றவரே ஆவர்.

ஆயின் பாசியை அப்படியே விட்டுவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. நுவரெலியாவில் ஆண்டு மழை 2,000 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வட்டவளைப் பக்கத்திலோ 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை உண்டு. இரண்டிடத்தும் மூடுபனி வேறு. இந்த ஈரத்தில் பாசி தழைக்கும். பூஞ்சணமும் அல்காவும் கூடி வாழும் இலைக்கன் படரும். அடுப்புப் புகையின் கரியும் அவற்றோடு சேரும். பாசி மெத்தையின் அடியில் ஈரம் உலர்வதில்லை. காற்றுப் படாமையால் மேற்சொன்ன போர்வையும் உண்டாவதில்லை. நாகம் கரைந்தபின் இரும்பு துருவேறும். ஆணித்துளையிலே தொடங்கும் ஒழுக்கு, ஓரிரு மாரிக்குள் காம்பராவுக்குள் சட்டி வைக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

நகரங்களில் இப்போது இயந்திரக் கழுவிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவை சதுர அங்குலத்துக்கு 1,500 முதல் 3,000 இறாத்தல் வரை அமுக்கத்தோடு நீரைப் பாய்ச்சுவன. மோட்டார் வாகனச் சில்லினுள் இருக்கும் காற்றின் அமுக்கம் ஏறக்குறைய 30 இறாத்தலே என்பதை எண்ணினால் அதன் வலிமை விளங்கும். கொங்கிறீற்று முற்றத்துக்கு அது ஏற்கலாம். முதுமையடைந்த தகரத்திலே பட்டால் முலாம் உரியும். தகரங்கள் ஒன்றன்மேலொன்று படிந்த இடுக்கினூடே நீர் உள்ளே ஏறும். நமக்கு வேண்டுவது அத்தகைய வலிமையன்று. ஊறிய பாசியைத் தள்ளிச் செல்லத்தக்க மெல்லிய நீரோட்டமே போதும். அதனைத் தருவதற்கு மலைநாட்டில் இயந்திரமே வேண்டா, மலையே போதும்.

இளைய மாணவர் தம் பௌதிக பாடத்தை நினைவுகூர்க. நீரின் அமுக்கம் அதன் நிலைக்குத்து உயரத்தைப் பொறுத்ததேயன்றி, கலத்தின் அகலத்தைப் பொறுத்ததன்று. பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழச் சதுர அங்குலத்துக்கு 14 இறாத்தல். விமலசுரேந்திர அவர்கள் 1918 இல் ஆய்வுரை படைத்து வற்புறுத்தியதும், 1950 இல் இலக்சபானவில் மின்னாய் விளைந்ததும் இவ்வுயரத்தின் ஆற்றலே. லயங்களோ சரிவிலே படிபடியாய் அமைந்தவை. மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் இடையே பத்து மீற்றர் உயர வேறுபாடு பல தோட்டங்களில் எளிதிற் கிடைக்கும்.

கருவிக்கு வேண்டுவன சில பொருள்களே. 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் ஒன்று. அதன் அடியிற் பொருத்தும் திருகுகுழாய். அரை அங்குல இறப்பர்க் குழாய் முப்பது மீற்றர். அதன் நுனிக்கு மூன்று மில்லிமீற்றர்த் துளையுள்ள ஒரு மூடி. குழாயைக் கட்டி உயர்த்த நீண்ட மூங்கில். பரலை லயத்துக்கு மேலுள்ள சரிவில் மண் வெட்டிச் சமப்படுத்திக் கற்பரப்பின்மேல் நிறுத்துக. நிரம்பிய பரல் 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரமுடையது. உருண்டால் கீழுள்ள வீட்டுக்கு இடர். வாயிற் பழஞ்சீலை கட்டிப் பீலித் தண்ணீரை அதனுள் விடுக. சிறு மணலும் துளையை அடைக்கும். பூச்சிமருந்து வந்த பரலை எத்துணை மலிவாய்க் கிடைப்பினும் கொள்ளற்க. (பீலி என்பது யாழ்ப்பாணத்தார்க்குக் கூரையோர நீர்த்தாரை, மலைநாட்டார்க்கு ஊற்றுநீர் விழும் குழாயும் அதன் கரையும், பழம்புலவர்க்கு மயிலிறகு. மூவரும் ஒரு மேசையில் இருந்தால் இச்சொல்லால் நல்ல குழப்பம் விளையும்.)

கணக்கிலே மாணவர் தவறுமிடம் ஒன்றுண்டு. உயரத்தை நிலத்திலிருந்து அளத்தல் கூடாது. நீர் வெளியேறும் நுனியிலிருந்து அளத்தல் வேண்டும். பரல் லயத்து வாசலினும் பத்து மீற்றர் உயரத்தில் இருக்க, குழாயின் நுனியை நான்கு மீற்றர் உயரமுள்ள முகட்டருகே பிடித்தால், எஞ்சும் உயரம் ஆறு மீற்றரே. தொரிசெல்லி 1644 இல் வெளியிட்ட விதிப்படி, நீர் வெளியேறும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாயிருக்கும். ஆறு மீற்றருக்கு அது செக்கனுக்கு ஏறத்தாழ 10.8 மீற்றர். மூன்று மில்லிமீற்றர்த் துளையினூடே நிமிடத்துக்கு நாலரை லீற்றர் வரும். உராய்வு முதலியன கழிய நான்கெனக் கொள்வோம். ஆகவே ஒரு பரல் நீர் ஐம்பது நிமிடம் ஓடும். பரலை இன்னும் மேலே கொண்டுபோக உடலை வருத்துவதாற் பெரும் பயனில்லை. வேகத்தை இரட்டிக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும்.

வேலை முறை கூறுவாம். முதலில் நீரால் நனைத்து, நீரிற் கரைத்த மென்மையான சவர்க்காரத்தைப் பூவாளியாலோ தும்புத்தடியாலோ பரப்பிக் கால்மணி நேரம் ஊறவிடுக, உலரவிடற்க. பின் தும்புத்தடியால் நெளிவின் வழியே மெல்லத் தள்ளி, முகட்டிலிருந்து இறவாரம் நோக்கி நீர் விடுக. கீழிருந்து மேல்நோக்கி நீரைப் பாய்ச்சினால் இடுக்கினூடே வீட்டுக்குள் மழைதான். ஏணியில் நின்றோ நிலத்தில் நின்றோ மூங்கிலால் எட்டுமளவே செய்க. ஈரப் பாசியில் வழுக்குவதும், துருவேறிய தகரம் காலின்கீழ் உடைவதும் கண்முன்னே நிகழ்வன. கூரைமேல் ஏறுதல் அறவே வேண்டா. வீட்டுக்கு மின்கம்பி வரும் பக்கத்தில் ஏணியும் நீரும் அணுகலாகா.

மருந்துகளைப்பற்றி விரித்துரைக்க வேண்டியிருக்கின்றது; பலர் இடர்ப்படுவது இவ்விடத்தேயாம். 1946 இல் இலங்கைத் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றியபின் செம்புமருந்து தோட்டங்களில் வழக்காயிற்று. அதிலே எஞ்சியதைக் கூரைப் பாசிக்கும் தெளித்தாலென்ன என்பார் உளர். செம்பு உப்பு நாகத்தின்மேற் பட்டால், நாகம் கரைய, செம்பு அங்கே படியும். பாசியோடு கூரையும் போகும். வெளிற்றும் தூளும் தகரத்துக்கு ஆகாது. சீமெந்துச் சுவருக்கும் முற்றத்துக்கும் அது ஏற்றது: பத்து லீற்றர் நீருக்கு 150 கிராம் தூள் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பூசிப் பத்து நிமிடத்தின்பின் அலம்பலாம். அதனோடு வினாகிரியையோ எலுமிச்சஞ் சாற்றையோ மலகூடம் கழுவும் அமிலத்தையோ கலந்தால் குளோரீன் வாயு எழுந்து மூச்சைத் தாக்கும். கழுவிய நீர் கான் வழியே சென்று பள்ளத்து லயத்தின் பீலியிற் சேருமாயின், அங்கே அத்தூளைப் பயன்படுத்தவே கூடாது. மழைநீர் சேர்ப்போர் கழுவும் நாளிலும் அடுத்த முதல் மழையிலும் தாரையை விலக்கிவைத்தல் வேண்டும். களைநாசினி தெளித்த முதுகுப் பம்பியை இவ்வேலைக்கு எடுத்தலும் தகாது.

இத்துணையும் தகரத்துக்கே. அஸ்பெஸ்ரஸ் தகடு வேய்ந்த கூரையை இம்முறையாலும் கழுவற்க, தேய்க்கற்க, துளையிடற்க. அதன் நுண்ணிழைகள் நுரையீரலுட் சென்றால் புற்றுநோய் விளைக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் துணிபு. அக்கூரையிற் பாசி இருந்தால் இருக்கட்டும்.

இனி, லயத்துக்கே உரிய சிக்கல் ஒன்று. பத்துப் பன்னிரண்டு காம்பராக்களுக்கு ஒரே கூரை. நடுவீட்டார் மட்டும் கழுவினால் அழுக்கு நீர் அயல்வீட்டு இஸ்தோப்பில் வடியும்; அயல்வீட்டுப் பாசி அடுத்த மாரியில் இவர் தகரத்துக்கு மீளும். எனவே லயம் முழுவதும் ஒரே நாளிற் செய்யவேண்டிய வேலை இது. ஒரு லயத்துக்கு ஒரு கருவி போதும். செலவும் பன்னிரண்டாய்ப் பிரியும்.

கூரையைப் பேணுதல் யாருடைய கடன் என்னும் வினாவையும் ஒளிக்கலாகாது. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. கைமாறிய ஒவ்வொரு முறையும் லயங்களும் கைமாறின. பெரும்பாலான குடியிருப்போர் கையில் உறுதி வரவில்லை. கூரை நிருவாகத்தினது, ஒழுக்கு குடியிருப்போரது என்பதே நடைமுறை. ஓட்டை விழுந்த தகரத்தை மாற்றும் பொறுப்பை இந்தப் பரலும் குழாயும் நிருவாகத்தின் தலையிலிருந்து இறக்கிவிடமாட்டா, இறக்கவும் கூடாது. இன்னும் ஓட்டை விழாத தகரத்தைக் காப்பதே இதனாலாவது. கழுவும்போது எந்தத் தகரத்தில் துரு, எந்த ஆணி தளர்ந்தது என்பவற்றை வீட்டு இலக்கத்தோடு ஒரு கொப்பியிற் குறித்துக்கொண்டால், நிருவாகத்துக்கு எழுதும் முறைப்பாட்டுக்கு அது நல்ல சான்றாகும். எழுதிக்கொடுக்க நம் மாணவர் இருக்கின்றனர்.

காலம் தை பிறப்பதற்கு முந்திய வாரமே. அட்டன் பக்கத்துப் பெருமழை ஓய்ந்திருக்கும். பீலியில் நீர் இன்னும் வற்றியிராது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்க எவ்வாறும் எல்லாரும் முன்வருவர். சுண்ணாம்பு அடிக்குமுன் கூரையைக் கழுவுக. பின் கழுவினால் புதுச்சுவரில் கரிக்கோடு விழும்.