கண்டதும் காண விரும்புவதும் காணாது விட்டதும்

ஒருவர் தம் வாழ்நாள் அனுபவங்களைக் கணக்கெடுக்க உட்கார்ந்தால், பெற்றவை, இன்னும் பெற விரும்புபவை, கிடைக்காமல் போனதே நல்லது என்று நிம்மதி கொள்பவை என மூன்று பத்தி போட்டு எழுதலாம். பலர் அதில் பதவியையும் பயணத்தையும் வீடு கட்டியதையும் எழுதுவர். முப்பத்தோராண்டு பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற என் கணக்கு பெரும்பாலும் வானத்தைப் பற்றியதாக அமைந்துவிட்டது. அதுவும் ஸ்ரீவராகத்தை விட்டு அதிக தூரம் போகாமலே அமைந்தது. சங்க அன்பர்களுக்கும், குறிப்பாக அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் வானத்தோடு பழைய உறவுள்ள ஊர். 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே ஒரு வானாய்வு நிலையம் அமைத்தார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரவுன் 1855இல் அகத்திய மலை உச்சியிலும் ஒரு நோக்கு நிலையம் ஏற்படுத்தினார். காந்த நடுக்கோடு இப்பகுதியை ஒட்டிச் செல்வதே இந்த ஊருக்கு இருந்த தனிச் சிறப்பு. அதே காரணத்தால்தான் நூறாண்டு கழித்துத் தும்பாவில் ராக்கெட் தளம் வந்தது.

1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அமெரிக்க நைக்கி அப்பாச்சி வகை அது. உள்ளே பிரெஞ்சுக்காரர்களின் சோடியம் ஆவிக் கலம். எனக்கு அப்போது எட்டு வயது. ராக்கெட்டை நான் பார்க்கவில்லை. ஸ்ரீவராகம் குளக்கரையில் நின்றிருந்தோம். மேற்கே வானில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகைக்கோடு தோன்றி, வளைந்து நெளிந்து பரவியது. தரையில் இருட்டு, மேலே அது மட்டும் ஒளிர்ந்தது. காரணம் எளியது: நமக்குச் சூரியன் மறைந்த பின்னும் மிக உயரத்தில் உள்ள ஆவியின் மேல் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆவி எப்படி நகர்கிறது என்று பார்த்து மேல்வானக் காற்றின் போக்கைக் கணக்கிட்டார்கள். இதை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று குளத்தில் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவசரமாக இன்னொரு முழுக்குப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

பெற்ற அனுபவங்களில் அடுத்தது ஆண்டுக்கு இருமுறை, காசில்லாமல் கிடைப்பது. மார்ச் 20, 21 தேதிகளிலும் செப்டம்பர் 22, 23 தேதிகளிலும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும். அந்நாட்களில் சூரியன் நேர் மேற்கில் மறையும். பத்மநாபசுவாமி கோயிலோ நேர் கிழக்கு நோக்கியது. ஆகவே கிழக்கே நின்று கோபுரத்தைப் பார்த்தால், அத்தமிக்கும் சூரியன் கோபுர நடுவிலுள்ள ஐந்து திறப்புகளிலும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தோன்றி இறங்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகச் சில நிமிஷங்களே ஆகின்றன. இப்போது கூட்டம் கூடுகிறது, படம் பிடிக்கிறார்கள். என் இளமையில் பூக்கடைக்காரர்களும் நாங்கள் நாலைந்து பேரும்தான்.

கோயில் கிழக்கு நோக்கி இருப்பது மட்டும் இதற்குப் போதாது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நாம் இருப்பது எட்டரைப் பாகை வடக்கு அட்சத்தில். அதனால் இங்கே சூரியன் செங்குத்துக் கோட்டிலிருந்து எட்டரைப் பாகையே சாய்ந்து இறங்குகிறது. இதே கோபுரத்தை லண்டனில் கட்டியிருந்தால், சூரியன் ஐம்பது பாகைக்கு மேல் சாய்ந்து வழுக்கிப் போயிருக்கும். ஒரு சாளரத்தில் தெரிந்தால் அடுத்ததில் தெரியாது.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. சித்திரை முதல் நாளில் நாம் கொண்டாடும் விஷு என்னும் பெயரே பகலிரவு சமமாகும் நாளைக் குறிப்பது. ஆனால் விஷு வருவது ஏப்ரல் நடுவில். சமநாள் மார்ச் 20இல். இடையே மூன்றரை வாரம் எங்கிருந்து வந்தது? நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுவதால் சமநாள் அந்தக் கணக்கிலிருந்து எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னே நகர்ந்துகொண்டே போகிறது. பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்திருக்கும். இந்தக் கோயிலின் திருவிழாக்களை இன்றும் பைங்குனி, அல்பசி என்று தமிழ் மாதப் பெயரால்தான் அழைக்கிறார்கள் என்பதையும் நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது.

நிழலில்லா நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 11, 12 வாக்கிலும் ஆகஸ்டு கடைசியிலும் பகல் 12 மணி 23 நிமிஷத்தை ஒட்டி ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

இனி, காணாது விட்டவை. என் முதல் கிரகணத்தை நான் தாயின் வயிற்றிலிருந்தே தவறவிட்டேன். 1955 ஜூன் 20ஆம் நாள் காலை இலங்கையில் முழுக் கிரகணம், இங்கே பகுதிக் கிரகணம். ஏழு மாதக் கர்ப்பிணியான அம்மாவை இருட்டறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்களாம். 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் அழியும் என்று நாடெங்கும் யாகங்கள் நடந்தன. 1979 ஜூலையில் ஸ்கைலாப் விண்கூடம் தலையில் விழும் என்று பயந்தோம். அது ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் போய் விழுந்தது. இவ்விரண்டு அனுபவங்களும் வாய்க்காததில் எனக்கு வருத்தமே இல்லை.

காணாது விட்டதில் நான் உண்மையாகவே மகிழ்வது ஒன்றுண்டு. வெறுங்கண்ணால் கிரகணம் பார்க்கும் அனுபவம் அது. என் சித்தப்பா இளம் வயதில் அப்படிப் பார்த்தவர். அவருக்கு அன்று வலிக்கவில்லை. மறுநாள்தான் பார்வையின் நடுவே ஒரு மங்கல் விழுந்தது, கடைசிவரை போகவில்லை. எதிரே வருபவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. கண்ணின் வில்லை சூரிய ஒளியைக் குவித்து அதைச் சுட்டாலும் நமக்குத் தெரியாது. சாதாரண நாளில் கூச்சம் தாங்காமல் கண்ணை மூடிவிடுகிறோம். கிரகணத்தன்று ஒளி குறைந்திருப்பதால் துணிந்து பார்க்கிறோம். ஆபத்து அங்கேதான்.

நம் வீடுகளில் தாம்பாளத்தில் மஞ்சள் நீர் வைத்துப் பிம்பம் பார்க்கும் வழக்கமும் காப்பு அல்ல. நீர் நூற்றில் இரண்டு பங்கு ஒளியையாவது திருப்பி அனுப்பும். கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் லட்சத்தில் ஒரு சில பங்குக்கு மேல் ஒளி வரக்கூடாது. எக்ஸ்ரே படம், புகை படிந்த கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவாது. இதற்கென்றே செய்த சூரிய வடிகட்டியோ 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோ வேண்டும். (தாம்பாளத்தில் உலக்கை நிற்கும் அதிசயத்தையும் கேட்பீர்கள். அடிப்பாகம் தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நிறுத்திக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து மூலையில் சாத்தினாள்.)

2010 ஜனவரி 15 வெள்ளிக்கிழமை. தை அமாவாசை. அன்று வளையக் கிரகணத்தின் பாதை நம் ஊர் மேலேயே வந்தது. பூமி ஆண்டில் சூரியனுக்கு மிக நெருங்கி வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது சூரியன் சற்றுப் பெரிதாகத் தெரியும். நிலவோ அந்நாளில் தன் சுற்றுப்பாதையின் தொலைகோடியை அடுத்திருந்தது, சிறிதாகத் தெரிந்தது. சிறிய தட்டு பெரிய தட்டை மறைக்க முடியாமல் சுற்றிலும் ஒளி வளையம் மிஞ்சியது. இந்தியப் பெருங்கடலில் அது அதிகபட்சம் 11 நிமிஷம் 8 நொடி நீடித்தது. அவ்வளவு நீண்ட வளையக் கிரகணம் இனி 3043 வரை இல்லை. தும்பாவிலிருந்து ஆய்வு ராக்கெட்டுகளும் ஏவினார்கள்.

என் வீட்டில் அப்போது வேறு பிரச்சினை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழாம் மாதம். வடிகட்டிக் கண்ணாடிகள் வாங்கி வைத்திருந்தேன். அவளும் முற்றத்துக்கு வந்து பார்க்கட்டும் என்றேன். கிரகணத்தால் கருவுக்குத் தீங்கு வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சூரியனிலிருந்து புதிதாக ஒரு கதிரும் அன்று புறப்படுவதில்லை.

"நீ பள்ளிக்கூடத்திலேதான் வாத்தியார். இந்த வீட்டிலே பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வெளியே வரமாட்டா" என்றாள் அம்மா. 1955இல் தான் உள்ளே இருந்ததால்தான் நான் ஊனமில்லாமல் பிறந்தேன் என்பது அவள் கட்சி. அதற்கு நான் என்ன நிரூபணம் காட்ட முடியும்?

மகள் இரண்டு பேரையும் பார்த்தாள். "அப்பா, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பாட்டி தன்னைத்தான் நொந்துப்பா. நான் உள்ளே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். ஜன்னலைச் சாத்தினார்கள். நானும் தெருப் பையன்களும் முற்றத்தில் நின்றோம்.

பதினொரு மணிக்குப் பிறகு கிரகணம் பிடித்தது. சற்று நேரத்தில் உள்ளிருந்து மகள் கூப்பிட்டாள். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. தெற்குச் சரிவில் ஓர் ஓடு விண்டு மிளகளவு ஓட்டை இருந்தது. மழைக்காலம் முடிந்ததால் மாற்றாமல் விட்டிருந்தோம். அதன் வழியே தரையில் விழும் வெயில் பொட்டு வட்டமாக இல்லை, ஒரு பக்கம் கடித்த அப்பளம்போல் இருந்தது. அம்மா செய்த இருட்டறை அப்படியே ஓர் ஊசித்துளைக் காமிரா ஆகிவிட்டது! துளைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் 109இல் ஒரு பங்குதான் சூரிய பிம்பத்தின் அளவு. மூன்றரை மீட்டர் சாய்தூரத்துக்கு மூன்றேகால் சென்டிமீட்டர். துளையின் அகலமும் சேர, இன்னும் சற்றுப் பெரிது.

ஒரு மணி கடந்து சில நிமிஷத்தில் நான் கண்ணாடியோடு உள்ளே ஓடினேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒளி வளையம் ஒன்று முழுதாக நின்றது. அம்மா குனிந்து பார்த்தாள். தொடவில்லை. "சின்னக் குழந்தை வளையல் மாதிரி இருக்கே" என்றாள். அது மெல்ல நகர்ந்து மகளின் பாதத்தருகே போயிற்று. அம்மா அவளைக் காலை இழுத்துக்கொள்ளச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. ஏறத்தாழ ஏழு நிமிஷம். பிறகு வளையம் ஒரு பக்கம் அறுந்தது.

மோட்சம் ஆனதும் அம்மா எல்லாரையும் குளிக்கச் சொன்னாள், குளித்தோம். பேத்தி மார்ச்சில் நலமாகப் பிறந்தாள். அதற்குக் காரணம் கதவு சாத்தியதே என்று அம்மா 2016இல் கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தரையையும் காட்டுவாள்.

இன்னும் காண விரும்புவது முழுச் சூரிய கிரகணம். வளையத்தில் சூரியனின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. அதுவே போதும், இருட்டாகவில்லை. வெயில் வெளிறிற்று, நிழல்களின் விளிம்பு கூர்மையானது, அவ்வளவே. சூரிய மகுடமும் பகலில் நட்சத்திரமும் முழுக் கிரகணத்தில்தான் தெரியும். பூமியில் ஏதேனும் ஓரிடத்தில் அது மீண்டும் நிகழச் சராசரியாக 375 ஆண்டு ஆகும். ஆகவே நாம்தான் போக வேண்டும். 1980இல் கர்நாடகத்துக்கும், 1995இல் ராஜஸ்தானுக்கும் போக விடுப்பும் பணமும் இல்லை. 2009 ஜூலையில் வட இந்தியாவில் பல இடங்களில் மழை மேகம் மறைத்துவிட்டது. 2027 ஆகஸ்டு 2ஆம் நாளுக்குரிய பாதை எகிப்தின் லக்ஸர் வழியே, ஆறு நிமிஷத்துக்கு மேல். செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்து மடித்து வைத்துவிட்டேன். 2034 மார்ச் 20இல் கார்கில், லடாக் பகுதியில் முழுக் கிரகணம். அன்றுதான் நம் கோபுரத்தில் சூரியன் இறங்கும் நாளும். எனக்கு 78 வயது முடிந்திருக்கும். கண்புரை அறுவை முடிந்த கண் தயாராக இருக்கிறது, அந்த உயரத்துக்கும் குளிருக்கும் மூச்சுத் தயாரா என்று தெரியவில்லை. 1,868 மீட்டர் உயர அகத்திய மலையில் பிரவுனின் நிலையம் இருந்த இடத்தைப் பார்க்கும் ஆசையையே முழங்கால் தடுத்துவிட்டது.

அதற்கு முன் 2031 மே 21 புதன்கிழமை நண்பகலை ஒட்டி இன்னொரு வளையக் கிரகணம் தென்னிந்தியாவைக் கடக்கிறது. நம் ஊர் அதன் பாதைக்குச் சற்றுத் தெற்கே விலகி நிற்கும். கோட்டயமும் மதுரையும் பாதைக்குள் வரும். மே கடைசியில் கோட்டயத்து வானத்தை நம்ப முடியாது. மதுரைக்கு ரயிலேறுவதே மேல். பேத்திக்கு அப்போது 21 வயது இருக்கும். தரையில் விழுந்த வளையத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவள், வடிகட்டிக் கண்ணாடியோடு ஒரு துளையிட்ட ஓட்டையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறாள். உடன் வர விரும்பும் அன்பர்கள் இப்போதே நாட்காட்டியில் குறித்து வைக்கலாம்.