ஐந்து படகுகள், ஒரு திட்டம்

என் அண்ணனிடம் நான்கரை மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. அதில் இயந்திரம் கிடையாது. ஒரு பாய்மரம், இரண்டு பாய்கள், ஒரு சுக்கான், இரண்டு துடுப்புகள். அவ்வளவுதான். விடுமுறை நாள்களில் அதைக் காருக்குப் பின்னால் கட்டி, சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு இழுத்துச் செல்வார். அங்கே அவரைப் போலவே சிறு படகு வைத்திருக்கும் நால்வர் பழக்கமானார்கள். இவர்கள் சேர்ந்து அமைத்தது சங்கமும் இல்லை, மன்றமும் இல்லை. தலைவர் இல்லை, சந்தா இல்லை, சட்டதிட்டம் இல்லை. புலனத்தில் ஒரு குழு மட்டும் உண்டு.

ஒரு மார்ச் மாதத்தில் இந்த ஐவரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகப் பாய் விரிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். தெலோக் கெமாங் கடற்கரையில் புறப்பட்டு, தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள சிறு மணற்கரையில் இறங்கி, கட்டிக்கொண்டு போகும் நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. நேர்க்கோட்டில் அளந்தால் நான்கைந்து கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை இரவு ஓர் உணவுக்கடையில் கூடிப் பேசினார்கள். அண்ணனுடன் நானும் போயிருந்தேன்.

“நாலு கிலோமீட்டருக்கு எதற்குக் கூட்டம்? காலையில் பசியாறிவிட்டு, பதினொரு மணிக்குக் கிளம்பினால் போதாதா?” என்று கேட்டார் ஓர் இளம் பொறியாளர். ஐந்தில் அவருடைய படகுதான் மிக வேகமானது.

அவருக்கு எதிரே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். எல்லாரும் அவரை ‘டீச்சர்’ என்றே அழைப்பார்கள். அவருடைய படகு பழையது; ஐந்தில் மிக மெதுவானது. தேநீரை ஆற்றியபடியே அவர் சொன்னார்: “தலைவர் இருக்கிற குழுவில் தப்பு நடந்தால் அது தலைவர் தலையில் விழும், தம்பி. தலைவர் இல்லாத குழுவில் ஒவ்வொருவரும், ‘இதை இன்னொருவர் பார்த்திருப்பார்’ என்று நினைத்துக்கொள்வோம். கடைசியில் யாருமே பார்த்திருக்க மாட்டோம். அதனால்தான் கூடிப் பேச வேண்டியிருக்கிறது.”

பொறியாளர் சிரித்தார். ஆனால் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டீச்சர் கைப்பையிலிருந்து கடல் ஏற்றவற்ற அட்டவணையை எடுத்து விரித்தார். கடல்நீர் எந்த நாளில், எந்த மணிக்கு ஏறும், எப்போது வற்றும் என்பதைக் காட்டும் அட்டவணை அது. நீர் ஏறுவதும் வற்றுவதும் கரையில் நிற்பவர்களுக்கு மணற்பரப்பு சுருங்கி விரிவதாகத் தெரியும். படகில் இருப்பவர்களுக்கோ அது நீரோட்டம். மலாக்கா நீரிணையில் அந்த ஓட்டம் கரையை ஒட்டி ஒரு திசையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பாயும். பிறகு சற்று ஓய்ந்து எதிர்த்திசையில் திரும்பும். தஞ்சோங் துவான் போன்று கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளின் ஓரத்தில் அதன் வேகம் இன்னும் கூடும். அந்த ஞாயிறன்று பதினொரு மணி வரை ஓட்டம் தெற்கே, அதாவது முனையை நோக்கிப் பாயும். அதன்பின் வடக்கே திரும்பும் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

“பதினொரு மணிக்குப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்” என்று டீச்சர் மெல்லிழைத்தாளில் எழுதத் தொடங்கினார். அந்தக் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். மாணவர்களே, நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசைக்கு நேர் எதிராகப் போக முடியாது. ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து, ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். இப்படிப் போனால் 5 கிலோமீட்டர் தூரம் ஏறக்குறைய 7 கிலோமீட்டராக நீளும். மென்காற்றில் டீச்சரின் படகு ஓடும் வேகம் 2 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஆகவே அந்தப் படகு மணிக்கு 3.7 கிலோமீட்டர் ஓடும். வளைந்து வளைந்து போவதால் தெற்கு நோக்கி அதற்குக் கிடைப்பது மணிக்கு 2.6 கிலோமீட்டர் மட்டுமே. இப்போது நீரோட்டத்தைச் சேர்த்துக்கொள்வோம். ஓட்டம் 1 நாட் வேகத்தில் படகுக்குத் துணையாகப் பாய்ந்தால் 5 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் ஆகும். அதே ஓட்டம் எதிராகப் பாய்ந்தால்? மணிக்கு முக்கால் கிலோமீட்டர்தான் மிஞ்சும். ஆறரை மணி நேரம் பிடிக்கும்!

அதே படகு, அதே காற்று, அதே தூரம். ஒன்றில் ஒரு மணி நேரம். மற்றொன்றில் ஆறரை மணி நேரம். பொறியாளர் தாளை வாங்கி மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை. “காற்று தெற்கிலிருந்து வந்தால்தானே இந்தக் கணக்கு?” என்று கேட்டார். “ஆமாம். காற்று நமக்கு வாக்குக் கொடுத்திருக்கிறதா?” என்றார் டீச்சர்.

காற்றைப் பற்றிய பேச்சு அதன்பிறகுதான் வந்தது. தமிழர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. போர்ட்டிக்சன் கரையில் ஒரே நாளில் இவற்றுள் இரண்டு மூன்றைச் சந்திக்கலாம். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும் அது அடங்கி, நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே காற்றே இல்லாத ஒரு நேரம் உண்டு. பருவக்காற்று மாறும் மார்ச் இறுதி, ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் நிலத்தின்மேல் இடிமேகம் திரள்வதும் வழக்கம். திறந்த கடலில் உயர்ந்து நிற்பது பாய்மரம் ஒன்றுதான். இடி மின்னலின்போது அதன் அடியில் யாரும் இருக்க விரும்பமாட்டார்கள்.

ஆகவே புறப்பாடு காலை எட்டரை மணி என்று முடிவானது. மேசையில் இருந்த மலாய் நண்பர், “பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்” என்றார். அவர் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். முனையை எட்டினாலும் எட்டாவிட்டாலும், பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். இதற்கு எல்லாரும் உடனே தலையாட்டிவிடவில்லை. ‘பக்கத்தில் வந்த பிறகு திரும்புவதா?’ என்று முணுமுணுப்பு எழுந்தது. ஆனால், பக்கத்தில் வந்த பிறகு எடுக்கும் முடிவுகளில் ஆசை கலந்துவிடும் என்பதை அந்த மேசையில் இருந்த எல்லாரும் ஏதோ ஒரு முறை பட்டு அறிந்தவர்கள்.

மற்றவை விரைவாக முடிந்தன. ஏறும்போதே ஒவ்வொருவரும் மிதவை அங்கி அணிந்திருக்க வேண்டும். படகுக்கு ஒரு நங்கூரம், 30 மீட்டர் கயிறு, துடுப்பு, குடிநீர், நீர்புகாப் பையில் திறன்பேசி. பாய்மரப் படகுகள் இரண்டு நெருங்கினால், இடப்பக்கம் காற்று வாங்கும் படகு விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் உள்ளது இது. இவர்களின் கண்டுபிடிப்பு அன்று. மிக மெதுவான படகுக்குப் பின்னால் ஒரு படகு எப்போதும் வர வேண்டும். அந்தப் பொறுப்பை அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

கடைசியாக ஒரு வேலை மீதம் இருந்தது. கரையில் ஒருவர் பட்டியலோடு காத்திருக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கடலில் தலைசுற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். “தங்கச்சி, ஒன்றரை மணிக்குள் எல்லாரும் கண்ணில் பட்டுவிடுவோம். இரண்டு மணி வரை யாராவது வராமல் இருந்து, செய்தியும் இல்லை என்றால், 999க்கு அழைத்துவிடு. தயங்காதே” என்றார் அண்ணன். 999க்கு வரும் கடல் அவசர அழைப்புகள் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

ஞாயிறு காலை வானம் தெளிந்திருந்தது. மணலில் படகுகளை நிறுத்தி, ஒருவர் படகை மற்றவர் சோதித்தார்கள். பொறியாளரின் படகில் நங்கூரம் இல்லை. எடை குறையட்டும் என்று காரிலேயே வைத்துவிட்டாராம். சீனத் தம்பதியர் எதுவும் சொல்லவில்லை. அவர் போய் எடுத்து வரும்வரை புறப்படாமல் நின்றார்கள், அவ்வளவுதான். எட்டு நாற்பதுக்கு ஐந்து படகுகளும் பதினொரு பேரும் கிளம்பினார்கள். நான் பட்டியலில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

கடலில் நடந்தவற்றைப் பிறகுதான் கேட்டறிந்தேன். கிழக்குக் காற்றில் படகுகள் அழகாகப் போயிருக்கின்றன. பத்தரை மணிக்குக் காற்று திடீரென்று அடங்கிவிட்டது. பாய்கள் துவண்டன. நீரோட்டம் மட்டும் நிற்கவில்லை. அது படகுகளை முனைப் பக்கமாக நகர்த்திக்கொண்டே இருந்தது. முன்னால் இருந்த பொறியாளரின் படகு பாறைகளை நோக்கி நழுவியது. அவருடன் இருந்த மகள் துடுப்பை எடுத்தாள். அவர் நங்கூரத்தை வீசினார். ஆறு மீட்டர் ஆழத்தில் அது மணலைப் பற்றியது. ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். முப்பது மீட்டரும் முழுவதுமாக ஓடி முடிந்தது. மற்ற படகுகளும் இருந்த இடத்திலேயே நங்கூரம் இட்டன.

அந்த ஒரு மணி நேரம் யாரும் எங்கும் போகவில்லை. அப்போதுதான் டீச்சரின் பேரன் மேலே கை காட்டினானாம். மூன்றாம் படிவ மாணவன். சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து வந்துகொண்டிருந்தன. நீரிணை குறுகும் இடங்களுள் தஞ்சோங் துவானும் ஒன்று. அக்கரைக்கு 40 கிலோமீட்டருக்கும் குறைவுதான். நிலத்தில் சூடேறி எழும் காற்றில் இறக்கையை அசைக்காமலே மிதக்கும் இப்பறவைகளுக்குக் கடலின்மேல் அந்த வசதி கிடைப்பதில்லை. அடித்து அடித்துப் பறந்தாக வேண்டும். அதனால் மிகக் குறுகலான இடம் பார்த்துக் கடக்கின்றன. களைத்துத் தாழப் பறந்து வந்தவை, 1863இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தை ஒட்டிய காட்டின்மேல் வந்ததும் வட்டமிட்டு உயர்ந்தன. பேரன் நாற்பதுவரை எண்ணினானாம்.

பதினொன்றரைக்குக் கடற்காற்று தொடங்கியது. நீரோட்டமும் வடக்கே திரும்பிவிட்டது. மணற்கரை இன்னும் ஒரு கிலோமீட்டர். பிள்ளைகள், “அதோ தெரிகிறதே!” என்று கெஞ்சினார்கள். பன்னிரண்டு மணிக்கு முதலில் படகைத் திருப்பியவர் பொறியாளர்தான். நாசி லெமாக் பொட்டலங்கள் படகிலேயே பிரிக்கப்பட்டன.

கரையில் எனக்கு இவை எதுவும் தெரியாது. ஒன்று இருபதுக்கு மூன்று பாய்கள் கண்ணில் பட்டன. ஒன்றரை ஆனது, மூன்றுதான். டீச்சரின் படகும் அண்ணனின் படகும் இல்லை. இரண்டும் சேர்ந்தே காணவில்லை என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. அதே அளவு அச்சமும் இருந்தது. அண்ணனை அழைத்தேன், எடுக்கவில்லை. நிலத்தின் பக்கம் மேகம் கறுக்கத் தொடங்கியது. ஒன்று நாற்பத்தைந்துக்குத் திறன்பேசியில் 999 என்று அழுத்தி, அழைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி என்று சொன்னார்களே, அதற்கு முன் அழைத்தால் பதற்றக்காரி என்பார்களோ என்று யோசித்த அந்த யோசனையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மூட்டத்திலிருந்து ஒரே ஒரு பாய் வெளிப்பட்டது. அதன் பின்னால், பாய் இறக்கப்பட்ட இன்னொரு படகு கயிற்றில் இழுபட்டு வந்தது. டீச்சரின் படகில் சுக்கானைப் பிடித்திருந்த ஆணி கழன்று கடலில் விழுந்துவிட்டது. பின்னால் வந்த அண்ணன் அருகில் போய், கயிற்றால் கட்டிப் பார்த்து, அது நிற்காமல் போகவே இழுத்து வந்திருக்கிறார்.

“ஒரு செய்தி அனுப்பியிருக்கலாமே, அண்ணா?” என்று கேட்டேன்.

அவர் நீர்புகாப் பையைத் திறந்து திறன்பேசியைப் பார்த்தார். நான் அழைத்த ஆறு அழைப்புகள் அதில் இருந்தன. அவர் பதில் சொல்லவில்லை. டீச்சர் தம் ஈரக் கையை என் தோளில் வைத்தார். “இது நாம் பேசாமல் விட்டது. யார் செய்தி அனுப்புவது என்று வெள்ளிக்கிழமை யாரும் கேட்கவில்லை” என்றார்.

மூன்றரை மணிக்கு இடியுடன் மழை கொட்டியது. அதற்குள் ஐந்து படகுகளும் வண்டிகளில் ஏறியிருந்தன. நாங்கள் கடற்கரை ஒட்டுக்கடையின் கூரைக்கடியில் நின்றுகொண்டிருந்தோம். பொறியாளர் டீச்சரிடம் ஏற்றவற்ற அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஏப்ரல் மாதப் பக்கத்தைப் புரட்டினார். நான் பட்டியலின் கடைசி வரியில், ‘ஐந்து படகுகள், பதினொரு பேர், கரையில்’ என்று எழுதி, புலனக் குழுவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.