இணையக் கடை திறக்குமுன்

மதுரை நகரிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் இருக்கும் சங்கங்களுக்கு நாம் செல்லுமிடமெல்லாம் அங்கத்தினர்கள் இப்பொழுது கேட்கும் கேள்வி ஒன்றே: "இணையத்தில் கடை போடுவது எப்படி?" கடை போடுவது அரை நாள் வேலை. கைப்பேசியும், வருமானவரி நிரந்தரக் கணக்கு எண்ணும், வங்கிக் கணக்கும் இருந்தால், வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணே அதை முடித்துவிடுவாள். கடினமானவை அதற்கு முந்திய வேலையும் பிந்திய வேலையுமே. சுங்குடிச் சேலை விற்க எண்ணும் ஒரு சிறு தொழிலை உதாரணமாக வைத்து அவற்றை இம்மாதம் ஆராய்வோம்.

விளக்குத்தூண் கடைத்தெருவில் சேலை வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்கிறார். உள்ளங்கையில் கசக்கிப் பார்க்கிறார். வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறார். பெங்களூரில் இருந்துகொண்டு கைப்பேசியில் வாங்குபவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நாம் எடுத்த படமும் எழுதிய வாசகமுமே அவருக்குக் கையும் கண்ணும் ஆகின்றன. படமும் வாசகமும் பொய்த்தால் சேலை திரும்பி வரும்.

மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்நகரில் காத்துவந்த தொழில் இது. துணியை மடித்து, நகத்தால் புள்ளி புள்ளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக முடிந்து, சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் வெண்புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள் விழுவதுண்டு. ஆயினும் இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பனையாகும் சேலைகளுள் பெரும்பாலானவை மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ செய்யப்பட்டவை. அவையும் நல்ல சரக்கே. விலை மலிவு, கோடைக்குச் சுகம். ஆனால் அச்சுச் சேலையைக் கைமுடிச்சு என்று எழுதுவது, முடிச்சுப் போடும் பெண்ணின் கூலியைப் பறிப்பதாகும். வாங்கியவர் கண்டுகொள்ளவும் செய்வார். கைமுடிச்சில் ஒரு புள்ளி போல் மறுபுள்ளி இராது. புள்ளியின் நடுவில் சிறு சுருக்கம் தெரியும். அச்சில் எல்லாம் அச்சுப்போல் இருக்கும்!

ஆகவே வாசகத்தில் முதலில் வரவேண்டியது 'கைமுடிச்சு' அல்லது 'மெழுகு அச்சு' என்ற சொல்லே. அடுத்து துணி கைத்தறியா, விசைத்தறியா என்பது. பின்னர் நீளம் 5.5 மீட்டரா, இரவிக்கைத் துணி உண்டா, முதல் சலவையில் சாயம் சிறிது இறங்குமா என்பவை. சாயம் இறங்கும் என்று எழுதினால் வாங்கமாட்டார்களே என்று அஞ்சுவோர் பலர். எழுதாமல் விட்டால் வாங்கியபின் வைவார்கள். அவ்வசவு சரக்கின் கீழேயே பதிவாகி, அடுத்து வருவோர் அனைவரும் படிக்க நிற்கும்.

படத்தைக் காலை வேளையில் தாழ்வார நிழலில் எடுக்கவேண்டும். நேர் வெயிலில் நிறம் வெளுத்துக் காட்டும். இரவு விளக்கில் மஞ்சள் ஏறும். முழுச் சேலை, முந்தானை, கரை, பின்புறம் ஆகியவற்றுடன், புள்ளியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம் அவசியம். நிறத்தைப் பளபளப்பாக்கும் வசதி கைப்பேசியில் உண்டு. அதைத் தொடாதிருப்பதே இலாபம்.

இலாபம் என்றதும் கணக்குக்கு வருவோம். அடக்கவிலை ரூ. 800 உள்ள சேலையை ரூ. 1,200க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ரூ. 400 மிச்சம் என்று எண்ணுவது இயல்பு. சந்தைத் தளத்தின் கமிஷன் வரியுடன் ரூ. 180, அனுப்பும் செலவு ரூ. 90, பெட்டியும் உறையும் ரூ. 25 என்று கொண்டால், நிற்பது ரூ. 105தான். கமிஷன் தளத்துக்குத் தளம் மாறும், முறை மாறாது. பத்துச் சேலை அனுப்பி மூன்று திரும்பினால் என்ன ஆகும்? ஏழில் இலாபம் ரூ. 735. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போகவர ரூ. 180, பெட்டி ரூ. 25, ஆக மூன்றுக்கும் ரூ. 615. கமிஷன் முழுதும் திரும்பக் கிடைத்தாலும் கையில் நிற்பது ரூ. 120. நான்கு திரும்பினால் ரூ. 190 நஷ்டம். நாணயம் வைத்து எடுத்த அந்தப் படத்தின் மதிப்பு இப்பொழுது விளங்கும்.

திரும்பிய சரக்கை ஏற்கமாட்டோம் என்று எழுதிவிடலாமே என்று சிலர் யோசனை கூறுகின்றனர். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதுள்ள சரக்கையும் விளம்பரத்துக்கு மாறான சரக்கையும் திரும்ப ஏற்க விற்பவர் மறுக்கலாகாது.

சரக்கு சேவை வரியைப் பற்றிய அச்சம் ஓரளவு குறைந்துள்ளது. வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரி, தமிழ்நாட்டுக்குள் மட்டும், சந்தைத் தளத்தின் வழியே சரக்கு விற்பதாயின், 2023 அக்டோபர் முதல் வரிப் பதிவு இன்றிச் சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம். மேலே சொன்ன பெங்களூர்க்காரருக்கு அத்தளத்தின் வழியே அனுப்ப வேண்டுமாயின் பதிவு தேவை. எனவே முதல் ஆறு மாதம் நம் மாநிலத்துக்குள் விற்றுப் பழகுவது நலம் என்பது நமது அபிப்பிராயம்.

மல்லிகை பயிரிடும் அன்பர்கள் தங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றதே. ஆனால் மொட்டு ஓர் இரவு காத்திராது. தபாலில் போகும் வியாபாரம் அதற்கு ஒவ்வாது. மாலைக்குள் சேரக்கூடிய தூரத்தில் உள்ள வாடிக்கைக்காரரிடம் கைப்பேசி வழி முதல்நாளே ஆர்டர் பெறுவது வரையில் பயன் உண்டு.

இனி, தணிக்கையில் நாம் அதிகம் காணும் குறை. ஒரு சங்கத்தில் இணையக் கடை செயலாளருடைய மகனின் கைப்பேசி எண்ணில் திறக்கப்பட்டிருந்தது. பணமும் அவர் கணக்கிலேயே விழுந்தது. அவர் நேர்மையானவர், ஒரு காசும் குறையவில்லை. ஆனால் திருப்பூரில் வேலை கிடைத்து அவர் போனபோது எண்ணும் கடவுச்சொல்லும் உடன் போயின. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் வந்த ஆர்டர்களை எவரும் பார்க்கவில்லை. கடை சங்கத்தின் பெயரிலும், சங்கம் வாங்கிய தனி எண்ணிலும், பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலும் இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு அரக்கு வைத்துப் பணப்பெட்டியில் வைக்கலாம். அங்கத்தினர் தமக்கெனத் தனிக்கடை நடத்துவதற்கு நாம் தடை சொல்லவில்லை. சங்கத்து நூலில் நெய்த துணி மட்டும் அக்கடைக்குப் போகலாகாது.

நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில், கடையைக் கவனிப்பவர் யார், அவர் இல்லாத நாளில் யார் என்று இரண்டு பெயர்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்க. திரும்பி வரும் சேலைக்குத் தனிப் பேரேடு ஒன்று போட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் வாங்கியவர் சொன்ன காரணத்தை அவர் சொன்னபடியே குறித்து வருக.