வானொலிக்குப் பெயர் வைக்கும் முன்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் நீங்கள். இணைய வானொலி தொடங்கப் போகிறோம், என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்கும் மிக்சரும் வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நான் நம்புவதைச் சொல்கிறேன்.

1. வெறும் ஆங்கில எழுத்துகளைப் பெயராக்காதீர்கள். போருக்கு முன் மலாயாவில் நிலையங்களுக்கு எழுத்துக்குறிதான் அடையாளம்: பினாங்குக்கு இசட்.எச்.ஜே., கோலாலம்பூருக்கு இசட்.ஜி.இ., சிங்கப்பூருக்கு இசட்.எச்.எல். அன்று கேட்டவர்கள் வானொலிப் பெட்டி கைவசம் இருந்தவர்கள்; எழுத்துகள் போதுமானவையாக இருந்தன. அமெரிக்காவில் இன்றும் எழுத்துக்குறியைச் சொல்லியாக வேண்டும். சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையம், 'உலகின் மிகப் பெரிய கடை' என்று சியர்ஸ் நிறுவனம் தன்னைப் புகழ்ந்து வைத்துக்கொண்ட எழுத்துகளை, அந்த நிறுவனம் 1928-இல் கைமாற்றிவிட்ட பிறகும் சுமந்துகொண்டிருக்கிறது. நம் மலேசியாவுக்கு அனைத்துலக ஒதுக்கீட்டில் 9எம், 9டபிள்யூ என்ற முன்குறிகள் உண்டு; ஆனால் எந்த அறிவிப்பாளரும் அவற்றை ஒலிவாங்கியில் சொல்வதில்லை.

நம் கண்ணெதிரே நடந்ததைப் பாருங்கள். டைம் ஹைவே ரேடியோ என்பது டி.எச்.ஆர். என்று சுருங்கியது, அதன் தமிழ்ச் சேவை டி.எச்.ஆர். ராகா ஆனது; இன்று ராகா மட்டும் நிற்கிறது. அரசாங்கத்தின் தமிழ் ஒலிபரப்பு ரேடியோ 6 என்று எண்ணால் அழைக்கப்பட்டு, 2005-இல் மின்னல் எஃப்.எம். ஆனது. எழுத்தும் எண்ணும் உதிர்ந்து ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. நீங்கள் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குங்கள்.

2. பெயரைக் காதால் தேர்ந்தெடுங்கள். தாளில் எழுதி, அழகான சின்னம் வரைந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் நேயர் யார்? விடியற்காலையில் சோறு வடித்துக்கொண்டே கைப்பேசியைச் சன்னலோரம் சாய்த்து வைத்திருக்கும் அம்மா. தகரக் கூரையில் மழை கொட்டும், அம்மி ஓடாவிட்டாலும் மிக்சி ஓடும், வெளியே லோரி உறுமும். அந்த இரைச்சலுக்குள் பெயர் காதில் விழ வேண்டும். எந்தப் பெயர் தப்பிப் பிழைக்கிறது என்று அந்த இரைச்சலிலேயே சொல்லிப் பாருங்கள். இரண்டு, மூன்று அசைக்கு மேல் வேண்டாம்.

ஒரு சோதனை செய்யுங்கள். நான்கு பெயர்களைத் தேர்ந்து, உங்கள் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொன்றையும் ஒரே முறை சொல்லுங்கள். விளக்க வேண்டாம். மறுநாள் அழைத்து, "பாட்டி, நேத்து என்ன பேரு சொன்னேன்?" என்று கேளுங்கள். அவர் வாயில் தங்கியிருப்பதை முதலிடத்தில் வையுங்கள்.

3. ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதிப் பாருங்கள். உங்கள் நேயரில் பலர் தமிழ்ப் பெயரை ரூமி எழுத்தில்தான் தேடுவார்கள். ழகரம் வந்தால் ஆளுக்கொரு விதமாக எழுதி, உங்களைக் கண்டுபிடிக்காமல் போவார்கள். யாழ், எழில், மழலை எல்லாம் எனக்கும் உயிர்தான். நிகழ்ச்சிப் பெயராக வையுங்கள். நாளை அதிர்வெண் உரிமம் கிடைத்தால் இன்னொன்றும் உண்டு: காடியில் உள்ள வானொலித் திரை நிலையப் பெயருக்கு எட்டு இடம்தான் தரும். மின்னல் ரூமியில் ஆறு எழுத்து, ராகா ஐந்து.

4. எண்ணைப் பெயரோடு ஒட்டாதீர்கள். ஒலி 96.8 சிங்கப்பூருக்குப் பொருந்தும். அது ஒரே நகரம். இங்கே மின்னலின் அதிர்வெண்ணே ஊருக்கு ஊர் மாறுகிறது.

5. ஊர்ப்பெயர் வேண்டுமா என்று நிதானமாக யோசியுங்கள். நெகிரி எஃப்.எம். என்று அரசாங்கத்தின் ஆர்.டி.எம். நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். தோட்டத்தின் பெயரையே வைக்கலாமா? லின்சம் என்று வைத்தால் சுவா பெத்தோங்காரருக்கு அது அடுத்த வீடு. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்ப்பள்ளிகள் மட்டும் பழைய பெயரைப் பலகையில் காத்துவருகின்றன. அந்தக் கடமை வானொலிக்கும் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நிலையப் பெயரில் ஒரு தோட்டத்தை வைப்பதைவிட, வாரம் ஒரு தோட்டத்தின் பெயரில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தத் தோட்டத்தார் அன்று வந்து பேசட்டும்.

தமிழ்நாட்டின் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று மீனவர்களுக்காகத் தொடங்கிய சமுதாய வானொலிக்குக் கடல் ஓசை என்று பெயர். ஊரின் பெயர் அதில் இல்லை. அந்த மக்கள் தினமும் கேட்கும் ஒலி இருக்கிறது. பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), பால்வாளி, செம்பனை என்று நீங்களும் அப்படித் தேடலாம். லயம் என்று வைக்க ஆசைப்படுவீர்கள், தோட்டத்து வரிசை வீட்டுக்கும் இசைக்கும் பொருந்துகிறதே என்று. லயத்தில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சிலருக்கு அது சொந்தம். சிலருக்கு ஒழுகும் கூரையும் பொதுக் குழாய்ச் சண்டையும். அவர்கள் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள்.

6. பெயர் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் ஒரு சூரியன் எஃப்.எம்., தமிழ்நாட்டில் ஒரு சூரியன் எஃப்.எம். காற்றலையில் இரண்டும் மோதவில்லை. இணையத்தில் தேடுபவர் குழம்புகிறார். உங்களுக்கு இணையம்தான் வீடு. நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வணிகப் பெயரைப் பதிந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது வணிக முத்திரை உரிமை தராது. அதற்கு அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ இருக்கிறது. ஒலிபரப்புக்கு 38-ஆம் வகுப்பு, பொழுதுபோக்குக்கு 41-ஆம் வகுப்பு. பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். சிறிய ஒலிபரப்புக் கருவிதானே என்று உரிமமில்லாமல் எஃப்.எம்.மில் ஏறிவிடாதீர்கள், 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி அது குற்றம்.

7. முத்திரை வாசகம் நான்கு சொல்லுக்குள். "முதன்மை", "நம்பர் ஒன்" வேண்டாம்.

8. நிலைய அடையாள ஒலியை உங்கள் ஊர்க் குரலில் பதியுங்கள். சென்னையில் காசு கொடுத்து வாங்கும் குரல் மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் கம்போக் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டாயில் வளர்ந்த ஒருவர் பெயரைச் சொல்லும்போது வரும் இழுவை அதில் கிடைக்காது. ஒரு பெண் குரல், ஒரு முதிய குரல், ஒரு பள்ளிப் பிள்ளையின் குரல் மூன்றையும் எடுங்கள். மணிக்கு மணி போடுங்கள். மூன்றாண்டுக்கு மாற்றாதீர்கள். முதல் பதிவைத் தேதியோடு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அந்தப் பெயரை எப்போதிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று யாராவது கேட்டால் காட்ட அது வேண்டும்.