கை சுடாத பிளாஸ்மா

கேள்வி: சூரியன், மின்னல், வெல்டிங் பொறி எல்லாம் பிளாஸ்மா என்று படித்திருக்கிறோம். அதை ஆறாத புண்ணின் மேல் பாய்ச்சி ஆற்றுகிறார்கள் என்கிறார்களே, சதை வெந்துபோகாதா? இதை யார் தொடங்கியது?

பதில்: வேகாது. வாயுவுக்குள் மின்சாரம் பாயும்போது முதலில் சூடேறுவது எலக்ட்ரான்கள்தான். அவை பல ஆயிரம் டிகிரியில் இருக்கும்போதே, கனமான வாயு அணுக்கள் அறை வெப்பத்தில் இருக்க முடியும். வீட்டு டியூப்லைட்டுக்குள் இருப்பதும் இப்படிப்பட்ட குளிர் பிளாஸ்மாதான். ஆனால் அங்கே வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு. திறந்த காற்றில் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால் எலக்ட்ரான்கள் ஓயாமல் மோதி, தங்கள் சூட்டைக் கொடுத்துவிடும். வெல்டிங் பொறி பிறந்துவிடும். சிக்கலே இதுதான்.

இதற்கான முதல் வழியை 1857-இல் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் காட்டினார். மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியைத் தடுப்பாக வைத்தார். பொறி பெருகவில்லை, ஓசோன் கிடைத்தது. 1906-இல் பிரான்சின் நீஸ் நகரில் குடிநீரைச் சுத்திகரிக்க ஓசோன் ஆலை வந்தது. கிருமியைக் கொல்லும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது, ஓசோன் வழியாக.

பிளாஸ்மாவை நேரடியாகவே கிருமி மேல் படவிட்டால் என்ன என்று சோதித்தவர்களில் முன்னோடி, துனிசியாவில் பிறந்த மின்பொறியியல் பேராசிரியர் முனீர் லாருசி. 1988-இல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சாதாரணக் காற்றழுத்தத்தில் பிளாஸ்மா பாக்டீரியாவை அழிப்பதை 1996-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். மின்பொறியாளர் ஒருவர் பாக்டீரியா வளர்த்த தட்டுகளோடு உட்கார்ந்தது அன்று யாரும் எதிர்பார்க்காத சேர்க்கை. அந்தத் துணிச்சலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சி அலுவலகம் இந்தத் துறைக்கு நிதி கொடுத்தது.

பிறகு வர்ஜீனியாவின் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் அவரும் சின்பெய் லூவும் ‘பிளாஸ்மா பென்சில்’ செய்தார்கள். கைக்கு அடக்கமான குழாய், உள்ளே ஓடும் ஹீலியம், பல ஆயிரம் வோல்ட் மின்துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் மிகமிகக் குறுகியது. எலக்ட்ரான் சூடேறும், வாயு சூடேறுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். வெளியே சில சென்டிமீட்டர் நீளத்துக்கு நீலத் தாரை வரும். அதில் விரலை நீட்டலாம்.

கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரிந்ததை அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, தனித்தனி ஒளித் திரள்கள் வினாடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் பாய்வது தெரிந்தது. ‘பிளாஸ்மா தோட்டாக்கள்’ என்று பெயர் வந்தது. ஜெர்மனியிலும் ஒரு குழு தனியாக இதையே கண்டது.

கேள்வி: சூடே இல்லையென்றால் கிருமி எப்படிச் சாகிறது? மருத்துவமனைக்கு இது வந்துவிட்டதா?

பதில்: தாரை காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உடைத்து, வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. கிருமியின் உறையைச் சிதைப்பதில் முக்கியப் பங்கு அவற்றுக்குத்தான். அளவு குறைவாக இருந்தால் நம் செல்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கூடினால் அவற்றுக்கும் கேடு. ஆகவே எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உருவான ‘கின்பென்’ கருவிக்கு 2013-இல் ஐரோப்பாவில் மருத்துவக் கருவியாகச் சான்று கிடைத்தது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்கும் குளிர் பிளாஸ்மாவைப் பயன்படுத்துகிறார்கள். புற்றுநோய் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ரத்தப் புற்றுநோய்ச் செல்களைப் பிளாஸ்மா கொல்வதை லாருசியின் ஆய்வகம் காட்டியது உண்மை; ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் நடந்த சோதனை.