கேன்டர்பரியின் நண்பர்கள்

கேள்வி: இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்துக்கு உதவும் ‘நண்பர்கள்’ சங்கத்தில் யார் சேரலாம்? சேர்ந்தால் என்ன வேலை?

பதில்: பேராலயங்களுக்கென அந்நாட்டில் அமைந்த நண்பர்கள் சங்கங்களில் மூத்தது இதுவே. 1927-இல் பேராலயத்தின் டீனாக (தலைமைக் குருவாக) இருந்த ஜார்ஜ் பெல் தொடங்கினார். மற்ற பேராலயங்கள் பிறகு இவ்வழியில் வந்தன. ஆண்டுச் சந்தா கட்டும் எவரும் உறுப்பினராகலாம், வெளிநாட்டவர் உட்பட.

சந்தாவின் தேவை பெரிது. ஆங்கிலிக்கன் பேராலயங்களுக்கு அரசின் நிரந்தர மானியம் கிடையாது. கேன்டர்பரியிலோ கட்டடத்துக்குப் பயன்பட்ட, பிரான்சின் நார்மண்டியிலுள்ள கான் நகரத்துச் சுண்ணாம்புக் கல் மழையிலும் புகையிலும் அரிக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குத் தேர்ந்த கைகள் வேண்டும். ஒரு மூலையைச் சீராக்கி முடிப்பதற்குள் இன்னொரு மூலை பழுதாகிவிடும். இசை, கலை ஆகியவற்றையும் சங்கம் ஆதரித்திருக்கிறது. பேராயர் தாமஸ் பெக்கெட் 1170-இல் அங்கே கொல்லப்பட்டதைப் பற்றி டி. எஸ். எலியட் எழுதிய நாடகம், 1935-இல் சங்கத்தின் கேன்டர்பரி விழாவுக்காகவே முதலில் அங்கு மேடையேறியது. கல்லைக் காப்பதோடு நிற்காத இந்தப் போக்கு பாராட்டத்தக்கது.

உறுப்பினர் வேறு, தொண்டர் வேறு; பலரும் குழம்பும் இடம் இது. சந்தா கட்டியவர் உழைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. வழிகாட்டுதல், மலர் அலங்காரம் போன்ற பணிகளுக்குப் பேராலயத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

பிரிட்டனில் வருமான வரி செலுத்துபவர் ‘கிஃப்ட் எய்டு’ ஒப்புதலில் கையெழுத்திட்டால், அறக்கொடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகச் சேரும். சேருபவர் அதைத் தவறவிட வேண்டாம்.